பதினோராயிரம் குத்து

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தோல் மண்டி திவாலாகிப் பூட்டிக் கிடந்தது. கூரையில் பாதி ஓடு இல்லை. உள்ளே நுழைந்தால் பழைய ஆட்டுத்தோல் நாற்றம் தொண்டையில் இறங்கிக் குந்திக்கொள்ளும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் தை மாசம் அதற்கு வெள்ளையடித்துப் பலகை மாட்டினார்கள்: ‘மூளைச் சுரத் தடுப்பூசி மாற்றுச் செலுத்துமுறை ஆராய்ச்சி நிலையம்’. பெயர் பலகையில் அடங்கவில்லை. ‘நிலையம்’ மட்டும் சுவரில் ஏறியது. மனுஷத் தோலில் ஊசி எப்படி இறங்க வேண்டும் என்று ஆராய ஆட்டுத்தோல் மண்டிதான் தோது என்று முடிவு செய்தவர் யார் என்பதற்கு எந்த ஃபைலிலும் பதில் இல்லை.

அதற்கு முந்தின ஐப்பசி மழையில் கால்வாய்க் கரைக் குடிசைகளில் ஐந்து குழந்தைகள் செத்திருந்தன. காலையில் தலை வலிக்குது என்று சொல்லும். மத்தியானம் உடம்பு அனலாய்க் காயும். மறுநாள் கழுத்து விறைத்து, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுக்கும். மூன்றாம் நாள் மூலக்கொத்தளம் இடுகாடு. நீலமேகத்தின் மூத்த பையன் அப்படித்தான் போனான். மிச்சம் இருந்தது வரலட்சுமி, ஐந்து வயசு.

நீலமேகம் துறைமுகத்தில் நிலக்கரிக் கூலி. அவன் பெண்சாதி மங்கை காசிமேட்டில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையில் விற்கிறவள். கொசு கடித்து வரும் இந்தச் சுரத்துக்கு ஊசி வந்திருக்கிறது என்று தமுக்கடிக்கிறவன் சொல்லிப் போன அன்றைக்கு, எதிலும் ஒத்துப்போகாத புருஷனும் பெண்சாதியும் ஒத்துப்போனார்கள். அடுத்த மழைக்குள் குழந்தைக்கு அந்த ஊசி விழுந்துவிட வேண்டும்.

“எலி மூளைய அரைச்சி அந்த மருந்து பண்றாங்களாமே? ஐயே, கலீஜ்!” என்றாள் மங்கை.

“கால்வாத் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறோம். அத்த விடவா கலீஜ்? இட்டுகினு வாமே.”

முதல் நாள் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. மேஜைக்குப் பின்னால் குமாஸ்தா குமாரவேல்.

“ஆய்வுப் பொருளின் பெயர்?”

“பொருள் ஒண்ணும் எடுத்தாரல சார். கொயந்தயத்தான் இட்டாந்துகீறேன்.”

“அதைத்தான்யா கேக்கறேன். பேரு?”

“வரலட்சுமி.”

“முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் எத்தனை அங்குலம்?”

“அளந்ததில்லீங்க.”

“பெத்தவன்தானே நீ?” குமாரவேல் பாரத்தில் ‘தகப்பனுக்கு அக்கறை இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அப்படி ஒரு கட்டத்தை அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

பதிவு முடிந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு தகரப் பில்லை. சிவப்புப் பில்லைக்கு, தோலுக்கு அடியில் முழு அளவு, மூன்று தடவை. நீலப் பில்லைக்கு, தோலுக்குள்ளேயே மெல்லிசாக, பத்தில் ஒரு பங்கு. பச்சைப் பில்லைக்கு, அம்மைக் குத்து மாதிரி கீறல். எந்த முறை மலிவு, எந்த முறை மேல் என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. வரலட்சுமிக்கு நீலம் விழுந்தது.

“பத்துல ஒண்ணா?” என்றான் நீலமேகம்.

“முறை வேற, பலன் ஒண்ணு.”

“பத்துக் கூடை கரி எறக்கச் சொல்ட்டு நான் ஒரு கூடை எறக்கிட்டு, முறை வேற மேஸ்திரின்னு சொன்னா ஒத்துப்பாரா?”

“அடுத்த ஆய்வுப் பொருள்!” என்று கத்தினார் குமாரவேல்.

நிலையத்தின் டைரக்டர் டாக்டர் ரகுபதியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவர் லஞ்சம் வாங்காதவர். பொய் பேசாதவர். சர்க்கார் பேனாவில் சொந்தக் கடுதாசி எழுதாதவர். அவரை எதற்கும் பிடிக்க முடியாது. அதுதான் கஷ்டம்.

குத்த ஆரம்பித்த இரண்டாம் வாரமே முதல் தடங்கல் வந்தது. கரிக்கூலிகளின் தோலில் ஊசி இறங்கவில்லை. தோளிலும் கையிலும் காய்ப்பு ஏறிப்போய், காய்ப்புக்குள் கரித்தூள் ஏறிப்போய், ஊசிகள் வளைந்தன. ஒரே நாளில் நாற்பது. நர்ஸ் ஃப்ளோரன்ஸ் அவற்றைச் சாணைக்கல்லில் தேய்த்து நிமிர்த்திக் கொதிக்கவைத்தாள். டாக்டர் ரகுபதி, தடித்த ஊசி வேண்டும் என்று கால்நடை இலாகாவுக்கு எழுதினார். கால்நடை இலாகா, ‘எந்த இனம், உழவா, கறவையா எனத் தெரிவிக்கவும்’ என்று திருப்பி எழுதியது. ஆறு கடிதம் போய் வந்த பிறகு ‘உழவு’ என்று எழுதி வாங்கினார்கள்.

ஊசி எத்தனை பாகை சாய்வில் போக வேண்டும் என்பது இரண்டாம் தடங்கல். வெளியூர் நிபுணர்கள் மூன்று பேர் வந்து நாலு நாள் தங்கிப் பேசினார்கள். பத்து பாகை என்றார் ஒருவர். பதினைந்து என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சைவச் சாப்பாடு சரியில்லை என்றார். கடைசியில் பன்னிரண்டரை என்று முடிவாகி, தச்சனிடம் சொல்லி மரத்தில் ஒரு கோணமானி செய்தார்கள். அதன்பின் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு ஆள் கையைப் பிடிக்க, ஒரு ஆள் கோணமானியைப் பிடிக்க, ஃப்ளோரன்ஸ் குத்த, குமாரவேல் எழுதுவார். குத்து வாங்கியவனுக்கு ஒரு பன்னும் ஒரு டம்ளர் டீயும்.

இந்தப் பன்னைத்தான் வேம்பு பிடித்துக்கொண்டான். வேம்பு, நீலமேகத்தின் குடிசைக்குப் பக்கத்துக் குடிசை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் போட்ட பலகையிலிருந்து கரிக்கூடையோடு விழுந்து இடுப்பு போனவன். வேலை கிடையாது. பசி உண்டு.

துறைமுகத்தில் ஒரு வழக்கம். கப்பலுக்கு ஆள் எடுக்கும்போது மேஸ்திரி பித்தளைப் பில்லை கொடுப்பார். பில்லைக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் மச்சான் அந்தப் பில்லையை எடுத்துக்கொண்டு போவான். மச்சானுக்கு முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன். மேஸ்திரி பில்லையை எண்ணுவாரே ஒழிய மூஞ்சியை எண்ண மாட்டார். ஆகவே, தகரப் பில்லை கைக்கு வந்ததும் கால்வாய்க் கரை ஜனம் செய்தது ஒன்றும் தப்பு இல்லை. பிழைப்பை விட்டுவிட்டுப் போய்க் குத்து வாங்க நேரமில்லாத ஆம்பளைகள் எல்லாம் பில்லையை வேம்புவிடம் கொடுத்தார்கள். முப்பத்தொரு பில்லை. ஒரே நாளில் பதினோரு தடவை வரிசையில் நின்றான். பதினோரு பன் தின்றான்.

“ஏன்டா, செத்துகித்துப் பூடப்போற,” என்றான் நீலமேகம்.

“ஊசி குத்தி செத்தவன் உண்டு, பன்னு துன்னு செத்தவன் உண்டா மாமு? ஒனக்கு செவப்புப் பில்லை வோணும்னா சொல்லு. நாலு கீது.”

நீலமேகம் சிவப்பு ஒன்று வாங்கிக்கொண்டான். நீலப் பில்லையையும் விடவில்லை. பத்தில் ஒன்றும் போகட்டும், பத்தும் போகட்டும். வரலட்சுமி இரண்டு கையிலும் மாறி மாறிக் குத்து வாங்கினாள். நிலையத்துச் சுவரைக் கண்டாலே மூத்திரம் போனாள். மங்கை அவளை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “கத்துடி, கத்து. நல்லாக் கத்து. அண்ணங்காரன் கத்தக்கூட முடியாம போனான்டி,” என்றாள்.

ஆடி மாசம் மேலிடத்துப் பெரியவர்கள் இரண்டு காரில் பார்வையிட வந்தார்கள். டாக்டர் ரகுபதி அவர்களுக்கு அட்டவணை காட்டிப் பேசினார்.

“தோலுக்குள் குத்தினால் ஒரு மேடு எழும்பும். மேட்டின் அகலம்தான் எங்கள் அளவுகோல். உலகத்தில் எங்குமே இந்த மேடு ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். இங்கே பாருங்கள். பன்னிரண்டு ஆய்வுப் பொருள்கள், பன்னிரண்டுக்கும் ஏழு மில்லிமீட்டர். கீறல் முறையில் பதினைந்து பேர், பதினைந்து பேருக்கும் ஒரே அளவு தழும்பு. வடசென்னைத் தொழிலாளர்களின் தோல், ஒரே மனிதனின் தோலைப் போல ஒற்றுமை உடையது! இதற்குக் காரணம் கூட்டு வாழ்க்கை என்று கருதுகிறேன்.”

பெரியவர்கள் கை தட்டினார்கள். வரிசையில் நின்ற வேம்புவும் தட்டினான். அவன் கை சல்லடையாகிப் போயிருந்ததால் சத்தம் வரவில்லை.

ஆவணியில் வரலட்சுமியின் இடது கை வீங்கியது. மாட்டூசி குத்தின இடம் பழுத்துச் சீழ் கட்டி, நாற ஆரம்பித்தது. மங்கை கூடையை வீசினாள்.

“இன்னாய்யா பேஜாரு இது! நோவு வந்து சாவறதுக்கு முந்தி நீயே குத்திக் கொன்னுடுவ போலகீதே!”

“வலிச்சாத்தான்மே மருந்து உள்ள புடிக்குதுன்னு அர்த்தம்.”

“யாரு சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினான். ஃப்ளோரன்ஸ் கட்டியைக் கீறிச் சீழை வடித்தாள். ராயபுரத்துக்காரி, முப்பது வயசு, தாயும் தம்பியும் அவள் சம்பளத்தில். ஒரு கிண்ணம் சீழ் வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நீலமேகம், இந்தக் கொழந்தைக்கு இனிமே ஊசி வேணாம்.”

“மூணாவது செவப்பு பாக்கி கீது நர்சம்மா.”

“வேணாம்னா கேளு. அதுல மருந்து எங்கய்யா இருக்கு? உப்புத் தண்ணி. தெனம் காலையில நான்தான் கலக்கறேன்.”

“செவப்புக்கா?”

“எல்லாத்துக்கும்.”

“அப்ப, பத்துல ஒண்ணு?”

“உப்புத் தண்ணியில பத்துல ஒண்ணு.”

அவன் குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு டைரக்டர் அறைக்குள் நுழைந்தான். “ஐயா, வெறுந் தண்ணியத்தான் குத்துறீங்களாமே?”

டாக்டர் ரகுபதி மறுக்கவில்லை. ஒரு கூலிக்காரன் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டது அவருக்கு நிறைவாக இருந்தது. “உட்காரப்பா,” என்றார். உட்கார நாற்காலி இல்லை. “நம் நிலையத்தின் பெயர் என்ன? செலுத்துமுறை ஆராய்ச்சி. முறையைத்தான் நாம் ஆராய்கிறோம். மருந்து கடல் தாண்டி வந்த அருமையான பொருள். முறை நிச்சயமாவதற்கு முன்னால் அதை ஜனங்களுக்குக் குத்தி வீணாக்கலாமா?”

“மருந்து கீதா இல்லியா ஐயா?”

“இருக்கிறதே! பின் அறையில் ஐஸ் பெட்டியில் நானூற்று எண்பது குப்பி. வந்த நாளிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை. இதைப் பார்வையிட வந்தவர்களே பாராட்டினார்கள்.”

“எப்பக் குத்துவீங்க?”

“முறை முடிவானதும்.”

“எப்ப முடிவாவும்?”

“ஐந்து வருஷத் திட்டம்.”

“மருந்து அஞ்சு வருசம் தாங்குமா?”

“செப்டம்பர் முப்பதோடு காலாவதி. நல்ல கேள்வி கேட்டாய். இதைப் பற்றி மே மாசமே மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்பிவிட்டேன்.”

“பதிலு?”

“ ‘குறிப்பு கிடைத்தது’ என்று வந்திருக்கிறது.”

“அதுக்குள்ள மயை வந்து, கொயந்தைங்க செத்துப்பூட்டா?”

டாக்டர் ரகுபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிஜமாகவே யோசித்தார். அவர் எந்தக் கேள்வியையும் அலட்சியம் செய்கிறவர் இல்லை.

“அது முறையின் குறை ஆகாது,” என்றார்.

செப்டம்பர் முப்பதாம் தேதி சாயந்திரம் ஐந்து மணிக்கு மருந்து காலாவதியாயிற்று. விதிப்படி, காலாவதியான மருந்தைக் கால்வாய்க்கு அப்பால் குழி தோண்டி, மூன்று சாட்சிகள் முன்னால் உடைத்து, சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும். லாரிக்கு அனுமதி வரவில்லை. பெட்டியைச் சுமக்க ஒரு கூலி வேண்டும் என்று வேம்பு வந்து சொன்னான். மறுநாள் விடிந்ததும் நீலமேகம் நிலையத்து வாசலில் நின்றான். உள்ளே போவதற்கு முன்னால் ஃப்ளோரன்ஸை ஓரமாகக் கூப்பிட்டான்.

“நர்சம்மா, அது இப்போ வெஷமா பூடுச்சா?”

“நேத்து அஞ்சு மணிக்கு முந்தி மருந்து. அஞ்சு மணிக்குப் பிந்தி பேப்பர்ல குப்பை. குப்பிக்குள்ள இருக்கிறதுக்குத் தேதி தெரியாது.”

“ஒரு கொயந்தைக்கு எத்தினி வோணும்?”

ஃப்ளோரன்ஸ் அக்கம்பக்கம் பார்த்தாள். “ரெண்டு. ஒரு வாரம் விட்டு. ஐஸை விட்டு வெளிய எடுக்கக் கூடாது.” பிறகு சொன்னாள்: “நான் ஒண்ணும் சொல்லல.”

“நானும் ஒண்ணும் கேக்கல.”

கரி சுமக்கிறவனுக்கு ஒரு வித்தை தெரியும். பலகையில் இறங்கும்போது ஒரு கால் தடுமாறினாற்போல் தோளைச் சாய்ப்பான். கூடையிலிருந்து இரண்டு கட்டி சிந்தும். கீழே அவன் வீட்டுப் பொம்பளை முறத்தோடு நிற்பாள். அதற்குச் சிந்தல் என்று பேர். அந்த வீட்டு அடுப்பு அதில்தான் எரியும். மேஸ்திரிக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துப் பீடி பற்றவைப்பார். அளவு தாண்டிச் சிந்தினால் மட்டும் உதை விழும்.

குமாரவேல் நானூற்று எண்பதையும் எண்ணித் தட்டுகளில் அடுக்கி, மேலே ஐஸும் மரத்தூளும் போட்டார். நீலமேகம் கோணியைத் தலைக்கு மடித்துப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தோளுக்கு ஏற்றினான். பின்னால் குடை பிடித்தபடி டாக்டர் ரகுபதி, குமாரவேல், மூன்று சாட்சிகள். கால்வாய்ப் பாலம் இரண்டு பனந்தடி. கீழே சாக்கடையும் பன்றிகளும். அதிகாரிகள் ஐந்து பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நடுப் பாலத்தில் நீலமேகத்தின் கால் தடுமாறியது. பெட்டி சாய்ந்தது. கோணி மடிப்புக்குள் இரண்டு குப்பி சிந்தின. கூட ஒரு பிடி ஐஸும்.

“ஜாக்கிரதையப்பா!” என்று கத்தினார் டாக்டர் ரகுபதி. “உடைந்துவிடப் போகிறது!”

உடைக்கத்தான் கொண்டுபோகிறோம் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

குழிக்கரையில் ஒரு சாட்சி சுத்தியால் குப்பியை உடைக்க, டைரக்டர் எண்ணைச் சொல்ல, குமாரவேல் டிக் போட, வெயில் உச்சிக்கு வந்தது. ஐந்து பிள்ளைகளைத் தின்ற கால்வாய்க் கரையில் மருந்து மண்ணோடு குழைந்து சேறானது. நானூற்று எழுபத்தெட்டில் நின்றது. உடைந்த குப்பிக் கழுத்துகளைப் பொறுக்கி மறுபடி எண்ணினார்கள். நானூற்று எழுபத்தெட்டு. மூன்றாம் தடவை எண்ண ஒரு மறு எண்ணிக்கைக் குழு அமைக்கப்பட்டது. குழு கூட ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஒன்பது நாள் போதும். மங்கை மீன்கூடையில் கெளுத்திக்கு அடியில் ஐஸைப் போட்டு, ஐஸுக்கு நடுவில் துணி சுற்றிக் குப்பியை வைத்தாள். தினம் காசிமேட்டில் புது ஐஸ். கூடையோடு தெருத்தெருவாய்ப் போனாள், வந்தாள். ஃப்ளோரன்ஸ் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் குடிசைக்குள் குனிந்து நுழைந்தாள். அன்றைக்கு ஒன்று, எட்டாம் நாள் ஒன்று. பாகை பார்க்கவில்லை. வரலட்சுமி கத்தினாள். முடிந்தது. பன் கொடுக்கவில்லை, மங்கை ஒரு வறுத்த நெத்திலியை வாயில் வைத்தாள்.

பத்தாம் நாள் போலீஸ் வந்தது. விசாரணை டைரக்டர் அறையில்.

“பெட்டிய தூக்கினது நீதானே? ரெண்டு குப்பிய எடுத்தியா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளத்துரை.

“எடுத்தேன்.”

இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டதில் வெள்ளத்துரைக்கு ஏமாற்றம். “எதுக்குடா? மண்ணுல கொட்டற குப்பைதானே?”

“ஆமா. மண்ணுல கொட்டறதுக்கு முந்தி எடுத்தேன்.”

“அதை விடுங்கள் இன்ஸ்பெக்டர்.” டாக்டர் ரகுபதி எழுந்து வந்தார். “என்ன செய்தாய் அதை?”

“கொயந்தைக்குக் குடுத்துட்டேன்.”

“நிஜ மருந்தா! செலுத்தினாயா! எப்படி? தோலுக்கு அடியிலா, தோலுக்குள்ளா? எத்தனை பாகை? யார் குத்தியது?”

வாசலில் கொதிக்கவைத்த கண்ணாடி ஊசிக்குழாய்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஃப்ளோரன்ஸ் நின்றிருந்தாள். தட்டில் கண்ணாடி கண்ணாடியோடு மோதிக் கிணுகிணுத்தது. நீலமேகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“யாரும் குத்தல. கஞ்சியில கலந்து குடுத்தேன்.”

டாக்டர் ரகுபதி மெதுவாக உட்கார்ந்தார். ஒரு புதுக் காகிதத்தை இழுத்தார்.

“கஞ்சி சூடாக இருந்ததா, ஆறினதா?”

“ஆறுனது.”

“கேழ்வரகா, அரிசியா?”

“நொய்.”

“உப்பு?”

“போட்டேன்.”

“குழந்தை எப்படி இருக்கிறாள்?” முதல் தடவையாக அதைக் கேட்டார். நீலமேகம் பதில் சொல்லுமுன், “மேடு ஏதும் எழும்பவில்லையே? வீக்கம்? ஆஹா!” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். தலைப்பில் ‘நான்காம் முறை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். நீலமேகத்துக்கு விலங்கு மாட்டிக் கூட்டிப் போனதை அவர் கவனிக்கவில்லை.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் கேட்டார், திருடிய பொருளின் மதிப்பு என்ன? குமாரவேல் ஃபைலைப் புரட்டி, “காலாவதியான தேதியிலிருந்து மதிப்பு இல்லை யுவர் ஆனர்,” என்றார். மதிப்பில்லாத பொருளைத் திருடியதற்கு ஆறு வாரம்.

ஜெயிலை விட்டு வெளியே வந்தபோது கார்த்திகை மாசம். வாசலில் நிலையத்து ஜீப் நின்றது. குமாரவேல் இறங்கி, “வாப்பா, ஏறு. டைரக்டர் கையோட கூட்டி வரச் சொன்னார். இன்னிக்குக் கஞ்சி முறைத் திறப்பு விழா,” என்றார். ஜெயிலுக்கு அனுப்பியவர்களே ஜீப்பில் முன்சீட்டு கொடுத்தார்கள். அவன் கரி ஏறிய சட்டையோடு உட்கார்ந்து போனான்.

மண்டியின் வெளியே பந்தல். பெரிய அண்டா நாலு, விறகடுப்பில். கால்வாய்க் கரைப் பொம்பளைகள் பிள்ளைகளோடும் தகரக் குவளைகளோடும் வரிசையில். மங்கை வரலட்சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். வரிசைக்குள் வரவில்லை. குழந்தை அப்பனைப் பார்த்துக் கையை ஆட்டியது. அந்தக் கையில் சீழ்த் தழும்பு காய்ந்து கறுத்திருந்தது. நீலமேகம் அவளை வாங்கித் தூக்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். விறைப்பில்லை. சூடில்லை.

“நல்லா கீறா,” என்றாள் மங்கை. “நீதான் எளைச்சிட்ட.”

வேம்பு நொண்டிக்கொண்டு வந்தான். இடுப்பில் கட்டியிருந்த பில்லைகள் கலகலத்தன.

“இந்த மயையில ரெண்டு போயிடுச்சி மாமு. தச்சன் வூட்டுப் பொண்ணு. அப்பறம் கோடி வூட்டு லியாகத் அலி பேரன்.” பில்லைகளை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தான். “ரெண்டுதான் சிந்துனியா? இன்னும் கொஞ்சம் சாச்சிருக்கலாமே.”

அதிகம் சிந்தினால் மேஸ்திரி கண்டுபிடிப்பார் என்பது வேம்புவுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டான். அவன் கேட்டது சரி என்று நீலமேகத்துக்கும் தெரிந்தது.

பந்தலில் டாக்டர் ரகுபதி பேச எழுந்தார். “இந்த ஆண்டு நம் நிலையம் பதினோராயிரம் குத்துகளை நிறைவேற்றியிருக்கிறது. ஒரு குத்தும் வீணாகவில்லை, ஒரு துளி மருந்தும் செலவாகவில்லை. இப்பகுதியில் இரண்டு மரணங்கள் நேர்ந்தன. இறந்த இரு குழந்தைகளுக்கும் செலுத்துமுறை பிழையின்றிக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதைப் பதிவேட்டிலிருந்து பெருமையோடு தெரிவிக்கிறேன். இப்போது ஓர் எளிய தொழிலாளியின் மூலம் நான்காம் முறை நமக்குக் கிடைத்திருக்கிறது. இதற்குப் புதிய மருந்து கேட்டு எழுதியிருக்கிறோம். அது வரும் வரை வெறும் கஞ்சியில் முறையைச் சீர்ப்படுத்துவோம். கஞ்சியின் கெட்டி, சூடு, குவளையின் சாய்வு எல்லாம் ஆராயப்படும்.”

அவர் மேடைத் தமிழ் வரிசையின் கடைசி வரைக்கும் போய்ச் சேரவில்லை. அங்கே அண்டாவும் ஆவியும்தான் தெரிந்தன. முதல் குவளையை நீலமேகம் கையால் கொடுக்க வேண்டும் என்று அவனை இழுத்து அண்டாவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அகப்பையைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் ஃப்ளோரன்ஸ் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

வரிசையில் முதல் ஆள் செல்லக்கனி. போன வருஷம் ஒரு பிள்ளையை மூலக்கொத்தளத்தில் வைத்தவள். இடுப்பில் இன்னொன்று. அவள் குவளையை நீட்டவில்லை. அவன் மூஞ்சியையே பார்த்தாள்.

“நைனா, நீ இத்தக் குடுத்துத்தான் ஒம் பொண்ண காப்பாத்துனியாம், ஊரே சொல்லுது. இதுல மருந்து கீதா?”

குமாரவேல் பேனாவைத் திறந்தார். வெள்ளத்துரை பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தார். கீது என்று சொன்னால் இந்தப் பொம்பளை ஒரு மழை முழுக்க நிம்மதியாகத் தூங்குவாள், தூங்குகிற நேரத்தில் பிள்ளை போகும். கஞ்சியில் கொடுத்தேன் என்றது பொய் என்று சொன்னால், ஊசி குத்தினது யார் என்ற கேள்வி ராயபுரத்தில் போய் ஃப்ளோரன்ஸ் வீட்டுக் கதவைத் தட்டும்.

நீலமேகம் அகப்பையை அண்டாவில் விட்டு ஒரு கலக்குக் கலக்கினான். அவள் குவளையை எட்டி வாங்கி, வழிய வழிய ஊற்றினான்.

“மருந்து இல்ல தாயி. வெறுங் கஞ்சி. பசிச்சா குடு.”

பின்னால் நின்ற பொம்பளைகளுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான். ஒருத்தியும் வரிசையை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பசி.